கோடும் குடும்பும்: எல்லை வரைவில் பள்ளியின் இடம்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் தொகுதி எல்லைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் கேட்டபோது, அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். மொழியியலாளருக்கும் வாக்காளர் தொகுதிக்கும் என்ன தொடர்பு என்பது அவர்கள் கேள்வி. அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குவோம்.

2016 செப்டம்பரில், தீபகற்பத்தின் நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளை மறுசீரமைக்கும் பரிந்துரைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்நாள்களில் மலையடிவாரப் பட்டணம் ஒன்றில், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் வரைபடப் படி ஒன்றை நம்மிடம் நீட்டினார். "ஐயா, இந்தக் கோட்டுல நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டார். நாம் வரைபடத்தைப் பார்த்தோம். தொகுதி மறுசீரமைப்பு என்ற சொற்றொடரைச் சொன்னோம். அவருக்கு அது விளங்கவில்லை. வேறு சொற்களால் விளக்க முயன்றோம். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற நமக்கு, அந்தப் பெரியவருக்கு விளங்கும்படியான ஒரு நேரிய தமிழ் வாக்கியம் அன்று அமையவில்லை. எதிர்ப்புத் தெரிவிக்கச் சட்டம் தந்த காலம் ஒரு மாதம். அந்த மாதம் கழிந்தது. அவர் கேள்விக்குரிய விடையை இன்று, காலம் கடந்தேனும், சொல்ல முயல்கிறோம்.

1. சொற்களின் வரலாறு

இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஒரு நில அளவையாளர். 1885இல் இப்பகுதிக்கு வந்தவர். எனவே கோடு வரைவோரின் பெயரைத் தாங்கிய ஊர்களிலேதான் நாம் வாழ்கிறோம். தமிழிலும் மலைக்கும் கோட்டுக்கும் பழைய உறவு உண்டு. வரை என்பது மலையைக் குறிக்கும், எல்லையையும் குறிக்கும், வினையாக நின்றால் எழுதுதலையும் தீட்டுதலையும் குறிக்கும். கோடு என்பது மலையுச்சி, கொம்பு, கரை, வரி எனப் பல பொருள் தரும். அதே கோடு வினையானால் வளைதல் என்று பொருள்படும். ஒரு பக்கம் வளைந்து சாயாத நடுநிலையைக் கோடாமை என்ற சொல்லால் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் குறிக்கிறது.

தொகுதிக் கோட்டை ஒரு தரப்புக்கு ஆதாயமாக வளைக்கும் செயலை உலகம் கெரிமாண்டர் என்ற பெயரால் அறியும். 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்பமிட்ட தொகுதி ஒன்று, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியின் உருவில் இருந்ததால், இரு பெயரும் இணைந்து அச்சொல் பிறந்தது. தமிழில் அதற்கென ஒரு சொல் இல்லை. கோட்டம் என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. வளைவும் நேர்மையின்மையும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன.

கோடு வரையும் பணிக்கோ தமிழுலகில் ஒருமித்த பெயர் இல்லை. இந்நாட்டில் தொகுதி மறுசீரமைப்பு என்கிறோம். தமிழ்நாட்டில் தொகுதி மறுவரையறை என்கிறார்கள். இலங்கையில் எல்லை நிர்ணயம் என்பது வழக்கு. மூன்றும் சரியான சொற்களே. எனினும் அந்தப் பெரியவருக்கு இம்மூன்றும் உதவியிரா. "ஓட்டுப் போடும் ஊர்களைப் பிரித்துச் சேர்க்கிறார்கள், உங்கள் ஊரை எந்த ஊர்களோடு சேர்ப்பது என்று இப்போது முடிவு செய்கிறார்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் விளங்கிக்கொண்டிருப்பார். கலைச்சொல் அறிஞர்க்கு வேண்டும்; அதனருகே ஒரு விளக்க வாக்கியம் குடிமக்களுக்கு வேண்டும்.

2. வாரியம் என்னும் சொல்

வெளிநாடுகள் சிலவற்றில் பள்ளிகளை ஆளும் வாரியத்துக்கு மக்களே வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் வட்டாரம் வட்டாரமாக உறுப்பினரைத் தேரும் பள்ளி வாரியங்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிமதிப்பை ஒட்டித் தம் வட்டார எல்லைகளைத் திருத்திக்கொள்கின்றன. கல்வி நிருவாகத்துக்கான அறங்காவலர் தேர்தலிலும் வட்டாரங்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று 1970இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், கன்சாஸ் நகரக் கல்லூரி வட்டாரம் பற்றிய ஹேட்லி வழக்கில் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் அத்தகைய தேர்தல் இல்லை. அரசு உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் மேலாளர் வாரியம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. இவை பள்ளியைச் சார்ந்தோரின் அமைப்புகள். ஊர்மக்கள் அனைவரும் வாக்களித்து அமைப்பன அல்ல. ஊராட்சித் தேர்தலும் இங்கு 1965இல் நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் ஊராட்சிகளை ஆராய்ந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. ஆகவே கம்போங் ராஜாவில் வாழும் ஒரு பெற்றோர் வாக்குச் சீட்டைக் கையிலெடுக்கும் வாய்ப்பு நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. பள்ளிச் சாலைக்கும் கட்டடத்துக்கும் அவர் குரல் கொடுக்க வேண்டிய வழியும் அதுவே. அதனால்தான் பள்ளிக்கும் தொகுதிக் கோட்டுக்கும் தொடர்பு உண்டு என்கிறோம்.

வாரியம் என்ற சொல் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் அது உள்ளது. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டாரம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலை எடுப்பித்தார்கள். அவ்வாறு வந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது மேடை வழக்கம். நாம் அங்கே நின்றுவிட வேண்டா. அது ஒரு பிராமணச் சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேதப் பயிற்சியும் உடையோர்க்கே ஓலையில் பெயர். நிலத்தில் உழைத்தவரின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. ஆனால் பாடம் ஒன்று உண்டு. ஊரை எத்தனை கூறாக்குவது, ஒவ்வொரு கூறிலும் யாரை எண்ணுவது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கல்லில் வெட்டப்பட்டு, எல்லாரும் காண நின்றது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் பெயர் பெறார் என்பதும் அங்கே எழுதப்பட்டிருந்தது.

3. மூன்று கணக்குகள்

யாரை எண்ணுவது என்ற வினாவுக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ந்தோர்க்குப் பெரட்டு என்ற சொல் தெரியும். விடியுமுன் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு எண்ணும் முறை அது. பெரட்டுக்கு வந்தவர் கணக்கில் உண்டு; காய்ச்சலில் படுத்தவரும் கைக்குழந்தையும் கணக்கில் இல்லை. எந்தக் கணக்கும் ஒரு நோக்கத்துக்காக எடுக்கப்படுவதே. நோக்கம் மாறினால் எண்ணும் மாறும்.

இன்று இந்த மலையில் மூன்று கணக்குகள் உள்ளன. முதலாவது குடிமதிப்பு. மலேசியாவில் 1970, 1980, 1991, 2000, 2010, 2020 என்று எடுக்கப்பட்டு வருவது. குடியுரிமை உள்ளவரும் இல்லாதவரும் அதில் அடங்குவர். தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் அதில் எண்ணப்பட வேண்டியவர்கள். இரண்டாவது வாக்காளர் பட்டியல். வாக்குரிமை பெற்ற குடிமக்களின் கணக்கு அது. முன்பு விண்ணப்பித்தவர் பெயர் மட்டும் அதில் இருந்தது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியோர் தாமாகவே பதிவாகின்றனர். 2018 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022இல் 2 கோடியே 11 இலட்சமாக உயர்ந்தது. கேமரன் மலைத் தொகுதியில் ஏறத்தாழ 32 ஆயிரம் என்பது 46 ஆயிரமாயிற்று. மூன்றாவது பள்ளிப் பதிவேடு. அது பிள்ளைகளின் கணக்கு. 150 மாணவருக்கு மேற்படாத பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வகையின.

நம் நாட்டில் தொகுதி எல்லை வரைய அடிப்படையாவது குடிமதிப்பன்று, வாக்காளர் எண்ணிக்கை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பல நாடுகளில் மக்கள்தொகையே அடிப்படை. எது நேர்மையானது என்று உடனே முடிவுகட்ட வேண்டா. இலங்கை மலையகத்தின் கதையைப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் சார்பில் 7 உறுப்பினர் நாடாளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். ஆயினும் தொகுதிகளை வகுத்தபோது மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் எண்ணப்பட்டார்கள். விளைவு என்ன? அவர்களை எண்ணிக் கிடைத்த இடங்கள், அங்கே வாக்களிக்க முடிந்த பிறருக்குப் போயின. எண்ணப்பட்டும் குரலற்றவராயினர். வாக்காளரை மட்டும் எண்ணினாலோ, பிள்ளைகளும் குடியுரிமைச் சிக்கலில் உள்ளவரும் வரைபடத்திலிருந்தே மறைகிறார்கள். ஆகவே ஒரு கணக்கை மட்டும் நம்பி ஊரை அளப்பது போதாது.

4. சட்டம் சொல்வது

கூட்டரசு அரசியலமைப்பின் 113ஆம் பிரிவும் பதின்மூன்றாம் அட்டவணையும் இப்பணியின் விதிகள். ஒரு மறுஆய்வு முடிந்து 8 ஆண்டுகள் கழியாமல் அடுத்ததைத் தொடங்கலாகாது. தொடங்கினால் 2 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். தீபகற்பத்துக்கான கடைசிப் பரிந்துரை 2018 மார்ச்சு 28இல் மக்களவையில் நிறைவேறியது. ஆகவே 2026 முதல் அடுத்த மறுஆய்வுக்குச் சட்டப்படி தடையில்லை. இந்தியாவிலும் 1971 குடிமதிப்பின்படி உறைநிலையில் வைக்கப்பட்ட மாநிலவாரி மக்களவை இடங்களுக்கு 2026ஆம் ஆண்டே எல்லையாகக் குறிக்கப்பட்டிருப்பதும், தமிழ்நாடு அதைக் கவலையோடு நோக்குவதும் நீங்கள் அறிந்ததே.

அட்டவணை கூறும் நெறிகள் நான்கு. தொகுதி மாநில எல்லையைத் தாண்டலாகாது. நிருவாக வசதி வேண்டும். ஒரு மாநிலத்துக்குள் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக வேண்டும். ஆனால் சென்றடைவதற்கு அரிய கிராமப்புறத்துக்குச் சலுகை உண்டு. மாற்றத்தால் வரும் இடர்ப்பாட்டையும் உள்ளூர்ப் பிணைப்புகளைக் காப்பதையும் கருத வேண்டும்.

மூன்றாம் நெறியில் சலுகைக்கு ஒரு காலத்தில் வரம்பு இருந்தது. 1957இல் சராசரியிலிருந்து நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் விலகலாகாது. 1962 திருத்தம் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என்றது. 1973இல் அந்த வரம்பும் நீங்கியது. 2022இல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர். சரவாக்கின் இகானில் 29 ஆயிரத்துக்கும் குறைவு. வெவ்வேறு மாநிலங்கள்தாம், எனினும் இரண்டும் நாடாளுமன்றத்தில் ஒவ்வோர் இடமே.

இங்கே நம் மலையின் நிலையை நேர்மையோடு சொல்ல வேண்டும். 2004இல் முதன்முறை தேர்தல் கண்ட கேமரன் மலை, தீபகற்பத்தின் சிறிய தொகுதிகளுள் ஒன்று. கிராமச் சலுகையால் நாம் நன்மை பெற்றவர்கள். பாங்கியில் வாழும் தமிழாசிரியர் ஒருவர் நம்மைப் பார்த்து, "உங்கள் ஒரு வாக்கு எங்கள் ஆறு வாக்குக்கு நிகரா?" என்று கேட்டால் அவர் கேள்வியில் நியாயம் உண்டு. மலைப்பாதையின் தொலைவும் மண்சரிவும் நம் விடை. அந்த விடை ஓரளவுக்குத்தான் செல்லும். எவ்வளவுக்குச் செல்லும் என்பதைச் சட்டம் முன்பு ஓர் எண்ணால் சொன்னது. அப்படி ஓர் எண் மீண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து.

சிறு தொகுதியில் சிறு நகர்வும் பெரிது. 2013இல் இங்கு வெற்றி 462 வாக்குகளால். 2018இல் 597 வாக்குகளால். ஒரு தோட்டத்து லயங்களை இப்பக்கமோ அப்பக்கமோ மாற்றினால் முடிவு மாறக்கூடிய அளவு அது. 2018 முடிவு தேர்தல் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு, 2019 சனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியினர் ஆனார். இந்தத் தொகுதி தமிழர்க்கு மட்டும் உரியதன்று. செமாய் மக்களும் மலாய்க்காரரும் சீனரும் இதன் குடிகள் என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டியது.

5. உள்ளூர்ப் பிணைப்புக்குச் சான்று

நான்காம் நெறியான உள்ளூர்ப் பிணைப்பே பள்ளிக்கு நெருக்கமானது. ஆனால் அது என்ன என்று அட்டவணை விளக்கவில்லை. எண்ணிக்கைக்குப் பட்டியல் உண்டு. பிணைப்புக்குப் பட்டியல் எங்கே?

கேமரன் மலைத் தொகுதி இரு சட்டமன்றத் தொகுதிகளால் ஆனது: தானா ராத்தா, ஜெலாய். ஜெலாய் மலையிலிருந்து இறங்கி லிப்பிஸ் மாவட்டத்துக்குள் செல்கிறது. ஆகவே மாவட்டக் கோடும் தொகுதிக் கோடும் ஒன்றல்ல. கம்போங் ராஜா மலையின் வடக்கில் உள்ளது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை பேராக்கையும், லோஜிங் வழிச் சாலை கிளந்தானையும் நமக்கு அண்டை வீடாக்குகின்றன. மருத்துவத்துக்கும் சந்தைக்கும் பேராக்கின் ஈப்போ செல்கிறோம், வாக்களிப்பதோ பகாங்கில். மாநில எல்லையைத் தாண்டலாகாது என்பதால் இது மாறாது. அதற்குள் எஞ்சும் பிணைப்புகளையேனும் காட்ட வேண்டாமா?

காட்டுவதற்குரிய சான்று உங்கள் கையில் இருக்கிறது, ஆசிரியர்களே. அது பள்ளிப் பதிவேடு. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவது பெற்றோரின் விருப்பம். விரும்பி அனுப்புவதால்தான், எந்தக் குடியிருப்பிலிருந்து எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது மக்கள் தம் கால்களால் வரைந்த கோடாகிறது. புளூ வேலி, சுங்கை பாலாஸ், போ, ரிங்லெட், தானா ராத்தா ஆகிய இடங்களின் பள்ளிகள் ஒவ்வொன்றும் தம் மாணவர் வரும் குடியிருப்புகளையும் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதட்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டா. ஊர்ப் பெயரும் எண்ணும் போதும். தோட்டம் குறுகி மக்கள் பட்டணம் பெயர்ந்த ஆண்டுகளில் அந்த எண்கள் எப்படி மாறின என்பதும் அதில் தெரியட்டும். உள்ளூர்ப் பிணைப்புக்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சீனப்பள்ளிகளும் பூர்வகுடிப் பிள்ளைகள் பயிலும் தேசியப்பள்ளிகளும் அவ்வாறே செய்தால் சான்று இன்னும் வலுப்பெறும்.

அச்சான்றை முன்வைக்கும் வழியையும் அட்டவணை தந்துள்ளது. பரிந்துரை பார்வைக்கு வைக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள், மாநில அரசோ, தொடர்புடைய ஊராட்சி மன்றமோ, வாக்காளர் பட்டியலில் உள்ள 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தெரிவித்தால் தேர்தல் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்த வேண்டும். பள்ளிக்கு அந்த உரிமை இல்லை, பெற்றோர்க்கு உண்டு. அறுபது பிள்ளைகள் பயிலும் ஒரு தோட்டப் பள்ளியில் தாய், தந்தை, பாட்டன், பாட்டி என்று எண்ணினால் 100 வாக்காளர் அரியரல்லர். அரியது அந்த ஒரு மாதத்துக்குள் விவரம் அவர்களை எட்டுவதே.

ஆனால் கோட்டைத் திருத்தினால் மட்டும் குறை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மீண்டும் இலங்கையைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெரிய பிரதேச சபைகள், நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கப்பட்டு, 2018 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. நெடுநாள் கோரிக்கை அது. ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அதையும் திருத்த வேண்டியதாயிற்று. கோடு ஒரு பாதி. கோட்டுக்குள் இருப்போர்க்கு என்ன செய்யலாம் என்ற விதி மறுபாதி.

6. செய்ய வேண்டுவன

மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மொழி மன்றம், தொகுதி மறுசீரமைப்பு பற்றிய சொற்களுக்கு எளிய விளக்க வாக்கியங்கள் கொண்ட ஒரு சிற்றேட்டைத் தமிழில் ஆயத்தம் செய்ய வேண்டும். அதை எழுதித் தரும் கடன் நம்முடையது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் குடியிருப்புவாரியான எண்களை ஆண்டுதோறும் திரட்டி வைக்க வேண்டும். மாணவர்களாகிய நீங்கள், வகுப்பில் உங்கள் ஊர்ப் படத்தை வரைந்து, உங்களிடம் 3 தொகுதிகள் கொடுத்தால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று முயன்று பாருங்கள். எண்ணிக்கையும் சமமாக வேண்டும், அண்டை வீட்டாரும் பிரியலாகாது என்று முயலும்போது, இப்பணி எவ்வளவு கடினம் என்பது விளங்கும். ஆணையத்தின் வேலையைக் குறைகூறுமுன் அதை அறிவது நலம்.

முடிக்குமுன் இலக்கணக் குறிப்பு ஒன்று. தமிழில் நாங்கள் என்றால் கேட்பவர் நீங்கலாக. நாம் என்றால் கேட்பவரும் உளப்பட. மலாய் மொழியிலும் காமி, கித்தா என்று அதே வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அது இல்லை. எல்லை பற்றி மனு எழுதும்போது நாங்கள் என்று தொடங்குவது எளிது. எங்கள் பள்ளி, எங்கள் தோட்டம் என்று கேட்பதில் பிழையில்லை. ஆனால் இம்மலையில் ஒரே சாலையில் இறங்குபவர்கள், ஒரே மண்சரிவில் சிக்குபவர்கள் பலர். 100 ஒப்பங்களைத் திரட்டும் நாளில் செமாய்க் கிராமத்துத் தந்தையிடமும் பூந்தோட்டத்துச் சீன அன்னையிடமும் அத்தாளை நீட்டுங்கள். அன்று நாம் என்று எழுதலாம்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் 18 வயதை எட்டியிருப்பார்கள். பட்டியலில் தாமாகவே பெயர் ஏறியிருக்கும். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்கள் கேட்டால், இம்முறை விடை சொல்ல நம்மிடம் ஒரு வாக்கியமாவது இருக்கட்டும்.